தட்டில் சாப்பிட்டது

1

போன வாரம் தபாலில் ஒரு படிவம் வந்தது. என் மகள் ரேகாவின் பெயருக்கு. அவள் இப்போது மைசூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிறாள் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாது. பெங்களூருக்கு வெளியே, அடிபட்ட தெருநாய்களை எடுத்துவந்து வைத்தியம் பார்க்கும் ஒரு காப்பகம் அது. இந்த வருடமும் ஒரு நாயைச் சில வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வீடு சொந்தமா வாடகையா, மதில் சுவர் எத்தனை அடி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஏழாவதாக, 'இதற்கு முன் இப்படி வைத்திருந்த அனுபவம் உண்டா? விவரிக்கவும்' என்று போட்டு, கீழே இரண்டு கோடு விட்டிருந்தார்கள்.

இரண்டு கோட்டில் அடங்குகிற சமாசாரம் இல்லை. படிவத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். குடியாத்தத்தில் பத்திரிகை நடத்தும் நண்பர்கள், "அயலூர் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்து இறங்கிவிடக்கூடிய ஊர் எப்படி அயலூர் ஆகும் என்று சிலர் சிரிப்பார்கள். இங்கே வந்து ஒரு ரேஷன் கார்டு வாங்கிப் பாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

2

எழுபத்தெட்டில் குடியாத்தத்தை விட்டு பெங்களூர் பீன்யாவுக்கு வந்தேன். சுவிட்சுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் டர்னர் வேலை. அங்கே எல்லாம் சங்குதான். எட்டு மணிக்கு ஒரு சங்கு, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு, ஒரு மணிக்கு மறுபடி. சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஐம்பது பேர். கன்னடக்காரன் முத்தே என்கிற கேழ்வரகுக் களி உருண்டையை விழுங்குவான், மலையாளி மீனைப் பிரிப்பான், ஆந்திராக்காரன் ஊறுகாயை நீட்டுவான். யார் டிபன் பாக்ஸில் யார் கை போகிறது என்று கணக்கே இல்லை. இருபத்தாறு வருடம் அப்படிச் சாப்பிட்டேன்.

பிறகு கம்பெனியை மூடினார்கள். மனைவி சாந்தாவுக்கு ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸில் வேலை கிடைத்ததால் பீன்யாவை விட்டு பொம்மனஹள்ளிக்குக் குடிவந்தோம். மாடியில் இரண்டு அறை. காலை ஏழரைக்கு சாந்தா போய்விடுவாள், எட்டரைக்கு ரேகா காலேஜுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு சாயங்காலம் வரை நானும் மின்விசிறியும்தான்.

வேலை போனவனுக்கு எந்த நேரம் கஷ்டம் என்று யாராவது கேட்டால் மத்தியானம் பன்னிரண்டரை என்று சொல்வேன். சாந்தா சோற்றை வடித்துக் குழம்பை மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். எனக்கு இறங்காது. தட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஒளிந்து தின்பவன் மாதிரி இருக்கும். இரண்டு டீயில் பொழுதை ஓட்டிவிட்டு, அவர்கள் வந்த பிறகு சேர்ந்து சாப்பிடுவேன். "இன்னாங்க, சோறு அப்படியே கீது" என்று சாந்தா முதலில் திட்டினாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

3

ரேகா அப்போது பி.எஸ்ஸி. விலங்கியல். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காப்பகத்துக்குத் தொண்டு செய்யப் போவாள். எங்களோடு தமிழ், தோழிகளோடு கன்னடம், அந்தக் காப்பகத்து ஆட்களோடு போனில் இங்கிலீஷ். மூன்றிலும் சிரிப்பு வேறு வேறு மாதிரி. எங்களிடம் கொஞ்சம் குறைவாகத்தான் சிரிப்பாள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. சாப்பாட்டையும் ஸ்பூனை வைத்துக்கொண்டு, நின்றபடி, ஏதாவது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடுவாள். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்த காக்காயைக் காட்டிக் காட்டி நான் ஊட்டி வளர்த்த பெண்.

ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அது அதிசயம்.

"அப்பா, ஒரு நாய் கீதுப்பா. ஓசூர் ரோட்ல லாரி அடிச்சு தாடை ஒடஞ்சுபோச்சு. கம்பி போட்டு கட்டிக்கிறாங்க. ஷெல்டர்ல ரொம்ப கூட்டம், சத்தம். அதுல அது பொழைக்காது. இருபத்தோரு நாள் மட்டும் நம்ம வூட்ல வெச்சிக்கலாமா?"

"இருபத்தோரு நாள் கழிச்சு?"

"ஜெயநகர்ல ஒரு ஆன்ட்டி எடுத்துக்குறேன்னு ஒத்துக்கினாங்க. சாரதம்மான்னு. பேங்க்ல வேலை செஞ்சு ரிடையர் ஆனவங்க. தனியா கீறாங்க, தோட்டம் கீது. கம்பி பிரிச்சு, தானா சாப்பிட ஆரம்பிச்சா போதும், அனுப்பிடலாம்."

"நான் இன்னா பண்ணணும்?"

"வூட்ல இருக்கணும்பா, அவ்ளோதான்" என்றாள். வீட்டில் இருப்பது ஒரு தகுதி என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

அப்புறம் படிவங்கள். நான்கு பக்கம். வீட்டு ஓனரிடமிருந்து சம்மதக் கடிதம். காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் மாடிப்படியை, பால்கனிக் கம்பியை, சமையலறைக் கதவையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒரு நாய் இருந்தது. ஏழு வீட்டில் சாப்பிடும். ஏழு வீட்டுக்காரிகளும் அது தன் நாய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் சோறு இல்லையென்றால் அது அலட்டிக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போகும். அதற்கு எவனும் படிவம் பூர்த்தி செய்ததில்லை. இங்கே எனக்கு ரேஷன் கார்டு கிடைக்கவே ஆறு வருடம் ஆயிற்று. இந்த நாய்க்கு மூன்றே நாளில் தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்பு, போட்டோ எல்லாம் தயார். போட்டோவில் என்னைவிட லட்சணமாக இருந்தது.

ஓனர் ராஜண்ணா கீழ்வீட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவர் மனைவிக்கு இழுப்பு உண்டு, நாய் மயிர் ஆகாது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே விரலைக் காட்டிச் சொன்னார்: "மூரு வாரா அந்த்ரே மூரே வாரா. அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல சார். ஆமேலே நன்ன கேள்பேடி." மூன்று வாரம் என்றால் மூன்றே வாரம், அதன் பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்கிறார். வாடகைக்குக் குடியிருப்பவன் அதற்கு மேல் என்ன கேட்பது?

4

வந்தது ஒரு செம்பட்டை நாட்டு நாய். பெண். மூன்று வயதிருக்கும். காப்பகத்தில் பிரவுனி என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "இந்தாம்மா" என்று கூப்பிட்டேன். இரண்டே நாளில் அதுதான் தன் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். இனி அவள் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும், அது என்று எழுத வரவில்லை.

கம்பி பிரிக்கப் பத்து நாள் இருந்தது. அதுவரை வாயைப் பாதிதான் திறக்க முடியும். சோற்றைத் தயிர் விட்டுக் குழையப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, கடைவாய் ஓரத்தில் வைக்க வேண்டும். நாக்கு தள்ளி விழுங்கும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் தும்மி வெளியே தள்ளிவிடுவாள். காலை ஒன்பது, பன்னிரண்டரை, சாயங்காலம் ஐந்து. மூன்று வேளையும் நான்தான்.

லேத்தில் நூலிழை அளவுக்குக் கடைந்து பழகிய கை. உருண்டை ஒன்றுபோல் வந்தது. நாலாம் நாள், பன்னிரண்டேகாலுக்கே சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கம்பி கட்டிய வாயோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு என்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள். அன்று பிசைந்த சோற்றில் ஒரு வாய் நானும் போட்டுக்கொண்டேன்.

அதுவே வழக்கமாயிற்று. தரையில் சம்மணம் போட்டு உட்காருவேன். என் தட்டு ஒரு பக்கம், அவள் கிண்ணம் ஒரு பக்கம். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். நடுவில் பீன்யா கதையெல்லாம் சொல்வேன். ஃபோர்மேனைத் திட்டுவேன். அவள் காதை ஆட்டிக் கேட்பாள். சாந்தா வைத்துவிட்டுப் போன சோறு காலியாக ஆரம்பித்தது. அவள் அதை நாய் தின்கிறது என்று நினைத்தாள்.

5

பத்தாம் நாள் டாக்டர் கம்பியைப் பிரித்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். ரேகா காப்பகத்தின் குறிப்பைச் சுவரில் ஒட்டி, எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இனிமே ஊட்டக்கூடாதுப்பா. தட்டை தரையில வெச்சிட்டு நீ அந்தாண்ட போயிடணும். கால் மணி நேரம். சாப்புடலன்னா தட்டை எடுத்துடணும். கெஞ்சக்கூடாது, கூப்புடக்கூடாது. அடுத்த வேளைக்குத்தான் மறுபடி. ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா தானா சாப்புடும்."

"பாவம்டி."

"இங்க பாவம் பாத்தா அங்க போய் பட்டினி கெடக்கும். சாரதா ஆன்ட்டி ஒக்காந்து ஊட்டுவாங்களா? ரிட்டர்ன் வந்துச்சின்னா மறுபடி யாரும் எடுக்கமாட்டாங்கப்பா. கேஜ்தான், கடைசி வரைக்கும்."

எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள். பதினோரு நாள் இருந்தது. அதற்குள் ஒரு நாய் தட்டில் வாய் வைத்துத் தின்னப் பழக வேண்டும். இதில் புரியாததற்கு ஒன்றும் இல்லை.

எனக்கே அது நடந்திருக்கிறது. எழுபத்தெட்டில் பீன்யா பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள். ஒரு கவளம் வைத்தால் ஓங்கரிக்கும். எழுந்து போய்விடுவேன். மெஸ்காரர் துமகூர்ப் பக்கத்து ஆள், ஒரு வேளைகூட 'ஏன் சாப்பிடவில்லை' என்று கேட்டதில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். திரும்பி வந்து மீதியை எடுப்பார். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. இப்போது குடியாத்தம் வந்தால் உங்கள் சாம்பார் எனக்குப் புளிக்கிறது. அந்த மனிதர் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்திருந்தும்தான் இனிச் சொல்லப்போவதைச் செய்தேன்.

முதல் நாள் தட்டை வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். நான் பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து வந்தால் சோறு வைத்தபடி இருந்தது. எடுத்துவிட்டேன். மத்தியானமும் அப்படியே. சாயங்காலமும் அப்படியே. மறுநாள் காலையும் தொடவில்லை. அன்று பன்னிரண்டரைக்கு என் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வந்து, அரை அடி தள்ளி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கேட்கவில்லை, முனகவில்லை. சும்மா பார்த்தாள்.

நான் ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று என்றுதான் நினைத்தேன். கிண்ணம் காலியாகும் வரை கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் ரேகா பேனாவோடு அந்தச் சுவர்த்தாளுக்கு எதிரில் நின்றாள். வேளை வாரியாக எழுதி, ஞாயிற்றுக்கிழமை காப்பகத்தில் கொடுக்க வேண்டும்.

"இன்னிக்கு எப்படிப்பா?"

"தட்டுல சாப்ட்டுச்சு" என்றேன்.

"மூணு வேளையுமா?"

"காலைல இல்ல. மத்தியானமும் சாயங்காலமும்."

பொய் சொல்லும்போது ஒரு வேளையை விட்டுக்கொடுத்தால் நம்பிவிடுவார்கள் என்பது தொழிற்சாலையில் கற்றது. அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளும் எழுதினாள். அப்புறம் ஒவ்வொரு நாளும். நாளைக்கு நிறுத்திவிடலாம், நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நானும் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஞாயிறன்று சாந்தா வீட்டில் இருந்ததால் நாயை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து ஊட்டினேன். ஐம்பது வயதுக்கு மேல் திருட்டு பீடி பிடிக்கிற பையன் மாதிரி.

6

இருபத்தோராம் நாள் சாரதம்மா ஆட்டோவில் வந்தார். பருத்திப் புடவை, மூக்குத்தி, கையில் புதுக் கழுத்துப்பட்டை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்று, நாயைத் தொடாமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவளாக வரட்டும் என்று காத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் இவள் போய் அவர் மடியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நாயைத் தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது. அவர் கணவர் போய் ஒரு வருடம் ஆகிறது என்றும், அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு நாய் வளர்த்தார் என்றும் ரேகா சொல்லியிருந்தாள்.

"ஊட்டா எல்லா சரியாகி மாடுத்தா?" சாப்பாடெல்லாம் சரியாகச் சாப்பிடுகிறதா என்று என்னைத்தான் கேட்டார்.

"மாடுத்தேம்மா. தட்டுலயே மாடுத்தே" என்றேன். இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் இருந்து கற்ற கன்னடத்தில் சொன்ன மிக மோசமான வாக்கியம் அதுதான்.

ரேகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கன்னடத்தைக் கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து புதுக் கழுத்துப்பட்டையை நாய்க்கு மாட்ட ஆரம்பித்தாள்.

ஆட்டோவில் ஏற்றியபோது அவள் திமிறவில்லை. திரும்பிப் பார்த்தாள். "போய்ட்டு வாம்மா" என்றேன். ராஜண்ணா கீழ்வீட்டு வாசலில் நின்று, "ஆய்து அல்வா சார்" என்று திருப்தியாகச் சொன்னார். ஆமாம், முடிந்தது.

7

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. ரேகாதான் எடுத்தாள். சாரதம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "ஏனூ தின்தில்லா ரேகா. நீரு மாத்ர குடியுத்தே." ஒன்றும் தின்னவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

ரேகா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இங்க தட்டுலதானே சாப்ட்டுச்சு?"

"ஆமா."

"டெய்லி?"

"ஆமான்றேன் இல்ல? புது எடம். ரெண்டு நாள் ஆவும்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு போனில், "ஸ்வல்ப டைம் கொடி ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று.

ஐந்தாம் நாளும் தின்னவில்லை. சாரதம்மா கறிச்சோறு, பால், முட்டை எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார். தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும் என்று குறிப்பில் இருந்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நல்ல மாணவி. ஆறாம் நாள் காப்பகத்துக்கே கொண்டுபோனார். அங்கே டாக்டர் எங்கள் வீட்டுத் தாளைப் புரட்டினார். கம்பி பிரித்த இரண்டாம் நாளிலிருந்து கடைசி நாள் வரை தட்டில் சாப்பிட்டது, தட்டில் சாப்பிட்டது என்று இருந்தது. பத்து நாளாகத் தானாகச் சாப்பிட்ட நாய் திடீரென்று வாய் வைக்கவில்லை என்றால் தாடைக்குள் ஏதோ சீழ் வைத்திருக்கிறது என்றுதான் எந்த டாக்டரும் நினைப்பார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். தாடையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு நாள் வெறும் வயிறு. அந்த உடம்புக்கு அந்த மயக்கம் தாங்கவில்லை. சிறுநீர் நின்றுவிட்டது என்று ரேகாவுக்குப் போன் வந்தது.

மறுநாள் காலை நானும் வருகிறேன் என்று ரேகாவோடு கிளம்பினேன். ஒரு டப்பாவில் தயிர்சோறு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி, மண் ரோட்டில் நடந்து போனோம். கூண்டில் சாக்கின் மேல் கிடந்தாள், முன்காலில் குளுக்கோஸ் ஊசி. "இந்தாம்மா" என்றேன். வால் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று உருட்டிக் கடைவாயில் வைத்தேன். விழுங்கினாள். கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஆச்சரியப்பட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். இரண்டாவதையும் விழுங்கினாள். மூன்றாவது வாயிலேயே நின்றுவிட்டது. விரலால் வழித்து எடுத்தேன்.

பதினோரு மணி வாக்கில் போய்விட்டாள்.

சாரதம்மா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்ன கைகுண சரி இல்லா கணே" என்றார். என் கைராசி சரியில்லையடி என்று. கணவரும் தன் கையில்தான் போனார், இதுவும் போயிற்று என்று அழுதார். நான் இரண்டடி தள்ளி, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா, உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை, குறை என் கையில் என்று சொல்ல இரண்டு வாக்கியக் கன்னடம் போதும். எனக்கு அந்த அளவுக்குக் கன்னடம் தெரியும். சொல்லவில்லை. அவர் அதற்கப்புறம் எந்த நாயையும் வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

8

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் ரேகா, பக்கத்தில் நான். பாதி வழி வந்த பிறகு சொன்னேன்.

"ரேகா, அது தட்டுல சாப்புடலம்மா. ஒரு நாளும் சாப்புடல. நான்தான் ஊட்டினேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். "தெரியும்பா" என்றாள்.

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"கம்பி பிரிச்ச மூணாம் நாளே தெரியும். பிராக்டிகல் கேன்சல் ஆச்சு, மத்தியானமே வந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். நீ ஒரு வாய், அது ஒரு வாய். அதுகூட பேசிக்கினு, சிரிச்சிக்கினு இருந்தே. ரெண்டு வருஷமா நீ மத்தியானம் சாப்ட்டு நான் பாத்ததே இல்லப்பா. அப்படியே கீழ எறங்கி போயிட்டேன். ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாப்ல ஒக்காந்துட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"நீ சொன்னே, நான் எழுதினேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போனா மாறிடும்னு நெனச்சேன். போன் வந்தப்ப உன்ன கேட்டேன் இல்ல? ரெண்டு வாட்டி கேட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். டாக்டர்கிட்ட நானாச்சும் சொல்லிருக்கலாம். என் கையெழுத்து இருந்துச்சு. பயமா இருந்துச்சுப்பா."

அப்போதுதான் அழுதாள். என் தோளில் சாயவில்லை, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பெண், நான் ஒரு வேளை சோறு தின்பதற்காக ஒரு நாயைக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் காப்பகத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் மைசூருக்குப் போனாள். விலங்கியலை விட்டு வேறு பாடம் எடுத்தாள். ஏன் என்று சாந்தா இன்றும் கேட்கிறாள்.

அவள் வரும்போதெல்லாம் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தால் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தொண்ணூற்றொன்றில் இந்த ஊரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று அவள் வாயைப் பொத்தியவன் நான். அடுத்த ஆண்டு கன்னடப் பள்ளியில் சேர்த்தேன். தமிழ் எழுத்தை நான் சொல்லித்தரவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. குடியாத்தத்துப் பத்திரிகையில் வருவதை அவளால் படிக்க முடியாது.

சொல்ல வேண்டியது இதுதான். அந்த மூன்றாம் நாள் போனில், நாய் ஒன்றும் தின்னவில்லை என்று சாரதம்மாவின் குரல் கேட்டதே, அப்போது எனக்குப் பயம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அதெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது சந்தோஷம்.